சின்னக் கார் எது? பெரிய கார் எது?

ஒரு குடும்பம் கார் வாங்கப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் கொஞ்சம். அம்மா வளையலை விற்ற பணம் கொஞ்சம். மீதிக்கு மகன் பாங்கியில் கடன் கேட்டிருக்கிறான். வீட்டில் பாட்டிக்கு முழங்கால் வலி. பஸ் படி ஏற முடியாது. அதனால்தான் கார்.

கார்க் கடையில் இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

"இது சின்னக் கார், பாட்டிம்மா. இதற்கு வரி 18 சதவீதம்" என்கிறார் கடைக்காரர். "அது பெரிய கார். அதற்கு வரி 40 சதவீதம்."

பாட்டி இரண்டையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறார்.

"ரெண்டும் ஒரே நீளமாத்தானே இருக்கு, தம்பி?"

கடைக்காரர் சிரிக்கிறார். பதில் சொல்லவில்லை.

பாட்டி கேட்டது வேடிக்கைக் கேள்வி அல்ல. ஒன்றரை லட்சம் ரூபாய்க் கேள்வி!

கணக்கைப் பாருங்கள். வரி சேராமல் 7 லட்சம் ரூபாய் விலையுள்ள ஒரு கார். 18 சதவீதம் வரி போட்டால் 8 லட்சத்து 26 ஆயிரம் ரூபாய் ஆகிறது. 40 சதவீதம் வரி போட்டால் 9 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். வித்தியாசம் 1 லட்சத்து 54 ஆயிரம் ரூபாய். அம்மா இன்னும் எத்தனை வளையல் விற்க வேண்டும்?

இந்த வித்தியாசத்தை முடிவு செய்வது எது? காரின் அழகு அல்ல. வேகம் அல்ல. எத்தனை பேர் உட்காரலாம் என்பதும் அல்ல. ஒரு அளவு நாடாவும், என்ஜினின் கொள்ளளவும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி முதல் கார்களுக்குப் புதிய ஜி.எஸ்.டி. வரி வந்தது. அதன்படி கார்கள் இரண்டு ஜாதியாகப் பிரிந்தன.

நீளம் 4 மீட்டரைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் காராக இருந்தால் என்ஜின் 1,200 சி.சி.யைத் தாண்டக் கூடாது. டீசல் காராக இருந்தால் 1,500 சி.சி.யைத் தாண்டக் கூடாது. இந்த எல்லைக்குள் அடங்கினால் அது சின்னக் கார். வரி 18 சதவீதம். இதில் ஒன்று தாண்டினாலும் போயிற்று. 40 சதவீதம்.

4 மீட்டர் என்பது 13 அடி ஒன்றரை அங்குலம்.

சி.சி. என்றால் என்ன என்று சிலர் கேட்கலாம். என்ஜினுக்குள் சிலிண்டர்கள் இருக்கின்றன. சிலிண்டர் என்பது ஒரு குழாய். அதற்குள் பிஸ்டன் ஏறி இறங்குகிறது. ஒரு முறை ஏறும்போது பிஸ்டன் கடந்துபோகும் இடம் எவ்வளவோ, அதை எல்லாச் சிலிண்டருக்கும் சேர்த்துக் கூட்டினால் வருவதுதான் சி.சி. கணக்கு. ஆயிரம் சி.சி. என்றால் ஒரு லிட்டர். அரிசி அளக்கும் லிட்டர்ப் படியை நினைத்துக்கொண்டால் போதும்.

இப்போது பாட்டியின் கேள்விக்கு வருவோம்.

மாருதி பிரெசா என்று ஒரு கார். டாட்டா நெக்சான் என்று ஒரு கார். இரண்டின் நீளமும் 3 ஆயிரத்து 995 மில்லி மீட்டர். ஆகவே நீளத்தில் இரண்டும் சின்னக் கார்தான். ஆனால் பிரெசாவின் பெட்ரோல் என்ஜின் 1,462 சி.சி. எல்லை 1,200. எனவே அது பெரிய கார் ஆகிவிட்டது. டீசலில் ஓடும் நெக்சானின் என்ஜின் 1,497 சி.சி. அதாவது பிரெசாவை விடப் பெரிய என்ஜின். ஆனாலும் டீசலுக்கு எல்லை 1,500 என்பதால் அது சின்னக் கார்!

சின்ன என்ஜின் வைத்த கார் பெரிய கார். பெரிய என்ஜின் வைத்த கார் சின்னக் கார். கடைக்காரர் ஏன் சிரித்தார் என்று இப்போது புரிகிறதா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். மின்சாரக் காருக்கு இந்த நாடாவே கிடையாது. எவ்வளவு நீளமாக இருந்தாலும் வரி 5 சதவீதம்தான்.

நாடா எப்போது வந்தது?

இது நேற்று வந்த நாடா அல்ல.

2006-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி அன்றைய நிதி மந்திரி ப.சிதம்பரம் பட்ஜெட்டைப் படித்தார். அதுவரை கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவீதம். சின்னக் கார்களுக்கு மட்டும் அதை 16 சதவீதமாகக் குறைத்தார். சின்னக் கார் என்றால் எது? 4 மீட்டர், பெட்ரோல் 1,200 சி.சி., டீசல் 1,500 சி.சி. அன்று போட்ட கோடுதான் இன்றும் நிற்கிறது. 2017-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோதும் அந்தக் கோட்டை அழிக்கவில்லை. வரியின் பெயர் மாறியது, கோடு மாறவில்லை.

சின்னக் கார் செய்வதில் இந்தியா உலகத்துக்கே முன்னால் நிற்க வேண்டும் என்பது எண்ணம். எண்ணத்தில் குற்றம் சொல்ல முடியாது. பலனும் கிடைத்தது. சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் செய்த ஹூண்டாய் சின்னக் கார்கள் கப்பல் ஏறிப் பல நாடுகளுக்குப் போயின. எத்தனையோ குடும்பங்களுக்கு அதனால் வேலை கிடைத்தது.

ஆனால் கோடு போட்ட மறுநாளே கத்தரிக்கோலும் வந்துவிட்டது.

கத்தரிக்கோல் பட்ட கார்கள்

டாட்டா கம்பெனியின் இண்டிகோ கார் 4 மீட்டருக்கு மேல் நீளம். அதன் பின்பக்கத்தைக் குறைத்து, 2008-ம் ஆண்டு இண்டிகோ சி.எஸ். என்று கொண்டுவந்தார்கள். 4 மீட்டருக்குள் அடங்கிவிட்டது. வரியும் குறைந்தது.

மாருதியின் டிசையர் கதை இன்னும் சுவையானது. 2008-ல் அந்தக் கார் வந்தபோது நீளம் 4 ஆயிரத்து 160 மில்லி மீட்டர். 2012-ல் புதிய டிசையர் வந்தது. நீளம் 3 ஆயிரத்து 995! ஆறரை அங்குலம் காணோம். எங்கே போயிற்று? டிக்கியில் போயிற்று. 440 லிட்டர் கொள்ளும் டிக்கி 316 லிட்டராகச் சுருங்கியது. திருச்செந்தூருக்குக் குடும்பத்தோடு போகிறவர் ஒரு பெரிய பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

அதற்காக மக்கள் அந்தக் காரை வெறுத்தார்களா? இல்லை. முண்டியடித்துக்கொண்டு வாங்கினார்கள். டிக்கி சுருங்கியது கண்ணுக்குத் தெரிந்தது. விலை சுருங்கியது அதைவிட நன்றாகத் தெரிந்தது. வாங்கியவரைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. செய்தவரையும் குறை சொல்வதற்கில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் லட்ச ரூபாய் மிச்சம் என்றால், யார்தான் அந்தப் பக்கம் போய் நிற்பார்கள்?

ஒரே பெயருள்ள கார் இரண்டு நாட்டில் இரண்டு நீளமாக இருப்பதும் உண்டு. 2014-ம் ஆண்டு வந்த ஹூண்டாய் ஐ20 காரைப் பாருங்கள். ஐரோப்பாவில் விற்றது 4 ஆயிரத்து 35 மில்லி மீட்டர். இந்தியாவில் விற்றது 3 ஆயிரத்து 985. இரண்டு அங்குலம் குறைவு. ஐரோப்பாவில் அந்தக் கோடு இல்லை. இங்கே இருக்கிறது. அவ்வளவுதான்.

இதனால்தான் இந்தியச் சாலைகளில் ஓடும் கார்களின் நீளத்தை எழுதிப் பார்த்தால் 3,985, 3,990, 3,995 என்றே திரும்பத் திரும்ப வருகிறது. 4 ஆயிரத்துக்கு 5 குறைவு. ஒரு நெல்மணி நீளம் கூட இல்லை!

வெள்ளைக்காரனும் ஏமாந்தான்

வரிக்காக ஒரு அளவு வைத்தால், அந்த அளவுக்கு ஏற்பக் கார் வளைந்துகொடுக்கும். இது நம் நாட்டில் மட்டும் நடந்த கதை அல்ல.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் காருக்குக் குதிரை சக்திக் கணக்கில் வரி போட்டார்கள். 1921-ம் ஆண்டு முதல் ஒரு குதிரை சக்திக்கு ஒரு பவுன் வரி. ஆனால் குதிரை சக்தியை உண்மையாக அளக்கவில்லை. ஒரு சூத்திரம் வைத்திருந்தார்கள். சிலிண்டரின் குறுக்களவு எவ்வளவு, எத்தனை சிலிண்டர் என்று மட்டும் பார்த்தார்கள். சிலிண்டர் எவ்வளவு உயரம் என்று பார்க்கவில்லை.

கார்க் கம்பெனிகள் சும்மா இருக்குமா? சிலிண்டரை ஒடுக்கமாகச் செய்து உயரத்தைக் கூட்டின. புல்லாங்குழல் போல ஆயிற்று. காகிதத்தில் குதிரை சக்தி குறைந்தது. வரியும் குறைந்தது. அமெரிக்காவின் போர்டு 'டி' மாடல் காருக்கு அங்கே 20 பவுனுக்கு மேல் வரி. 1922-ல் பிறந்த ஆஸ்டின் செவன் காருக்கு 8 பவுன். 'செவன்' என்ற பெயரே வரிக் கணக்குக் குதிரை சக்தியில் இருந்து வந்ததுதான். மோரிஸ் எயிட் என்பதும் அப்படியே. அந்தக் கார்கள் நம் ஊர்த் தெருக்களிலும் ஓடின. தாத்தாமார்களைக் கேட்டால் 'பேபி ஆஸ்டின்' என்று சொல்வார்கள்.

உள்நாட்டில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் நீண்ட தூரம் வேகமாக ஓட்டவேண்டிய நாடுகளுக்கு அந்த ஒடுக்கமான என்ஜின்கள் ஏற்றவையாக இல்லை. 2-வது உலகப் போருக்குப் பிறகு, ஏற்றுமதி செய்துதான் பிழைக்க வேண்டும் என்ற நிலை இங்கிலாந்துக்கு வந்தது. 1947-ல் அந்தப் பழைய கணக்கைக் கைவிட்டார்கள். அதற்குள் ஒரு தலைமுறை என்ஜின்கள் அந்தச் சூத்திரத்துக்குப் பிறந்து வளர்ந்துவிட்டன.

அமெரிக்காவில் வீட்டுக்குள்ளே அளக்கிறார்கள்

அமெரிக்காக்காரர்கள் காரின் வெளி நீளத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா அங்கே காருக்கு உள்ளே நுழைந்து அளக்கிறது. ஆட்கள் உட்காரும் இடம் எத்தனை கன அடி, பெட்டி வைக்கும் இடம் எத்தனை கன அடி என்று கூட்டுகிறார்கள். 100 முதல் 110 கன அடிக்குள் இருந்தால் சிறிய கார். 110 முதல் 120 வரை நடுத்தரக் கார். 120-ம் அதற்கு மேலும் இருந்தால் பெரிய கார். 85 முதல் 100 வரை இருந்தால் சிறிதிலும் சிறிது. இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. கோடீசுவரர்கள் வாங்கும் பென்ட்லி காண்டினென்டல் ஜி.டி. கிட்டத்தட்ட 16 அடி நீளம். ஆனால் பின் இருக்கையில் இடம் குறைவு. எனவே அது சிறிதிலும் சிறிது என்ற பட்டியலில் சேர்ந்துவிட்டது! சாதாரணக் குடும்பங்கள் வாங்கும் ஹோண்டா அக்கார்டு பெரிய கார் பட்டியலில் இருக்கிறது.

பாட்டியைக் கேட்டால் இந்த முறைதான் சரி என்பார். காலை நீட்ட இடம் இருக்கிறதா என்பதல்லவா அவருக்குக் கணக்கு!

ஐரோப்பாவில் ஏ, பி, சி, டி என்று எழுத்துப் போட்டுப் பிரிக்கிறார்கள். ஹூண்டாய் ஐ10 'ஏ'. ஐ20 'பி'. போக்ஸ்வேகன் கோல்ப் 'சி'. இத்தனை மில்லி மீட்டர் என்று கறாராக எதுவும் கிடையாது. வியாபாரம் பேசுவதற்கு வசதி, அவ்வளவே. வரிக்கு அதில் வேலை இல்லை. நம் நாட்டுக் கார் உற்பத்தியாளர் சங்கமும் பல ஆண்டுகள் இப்படி ஒரு பட்டியல் வைத்திருந்தது. 3,400 மில்லி மீட்டர் வரை ஏ-1, 4,000 வரை ஏ-2, 4,500 வரை ஏ-3 என்று போகும். 5 மீட்டரைத் தாண்டினால் சொகுசுக் கார்.

ஜப்பானின் மஞ்சள் பலகை

இவர்களையெல்லாம் விட நாம் உற்றுப் பார்க்க வேண்டியது ஜப்பானை.

போரில் தோற்று, பணம் இல்லாமல், பெட்ரோல் இல்லாமல் கிடந்த நாடு அது. 1949-ம் ஆண்டு அங்கே 'கேய்' என்று ஒரு வண்டி ஜாதியைச் சட்டத்தில் உண்டாக்கினார்கள். 'கேய்' என்றால் லேசானது என்று பொருள். முதலில் வைத்த எல்லையைக் கேட்டால் சிரிப்பு வரும். நீளம் 2.8 மீட்டர். அகலம் 1 மீட்டர். என்ஜின் 150 சி.சி. நம் ஊரில் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு இருக்கும் என்ஜின்! அந்த அளவில் நல்ல கார் செய்ய முடியவில்லை. எனவே எல்லையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள். 360 சி.சி. ஆயிற்று. 1958-ல் சுபாரு 360 என்ற கார் வந்தது. வண்டு போல இருக்கும். நான்கு பேர் உட்காரலாம். சாதாரண ஜப்பான் குடும்பம் கார் ஏறியது அதற்குப் பிறகுதான்.

1976-ல் 550 சி.சி. 1990-ல் 660 சி.சி. 1998-ல் நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், உயரம் 2 மீட்டர் என்று வைத்தார்கள். கவனியுங்கள். நீளம் மட்டும் அல்ல. அகலம் உண்டு. உயரம் உண்டு. என்ஜின் உண்டு. நான்கு பக்கமும் கட்டிவிட்டார்கள்.

இந்தக் கார்களுக்கு வரி குறைவு. நம்பர்ப் பலகையின் நிறமே வேறு. சொந்தக் கார் என்றால் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. தெருவில் போகிறவருக்கு அது சின்னக் கார் என்று தூரத்திலேயே தெரியும். ஜப்பான் நகரங்களில் கார் வாங்க வேண்டுமானால், அதை நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீசில் சான்று வாங்க வேண்டும். 1962-ம் ஆண்டுச் சட்டம் அது. சிற்றூர்கள் பலவற்றில் மஞ்சள் பலகைக் காருக்கு அந்தத் தொல்லை கிடையாது. இன்று ஜப்பானில் விற்கும் புதிய கார்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தக் கார்கள்தான்.

ஜப்பானிலும் வளைத்துப் பார்க்காமல் இல்லை. நீளமும் அகலமும் கட்டிவிட்டார்களே என்று, காரை மேலே உயர்த்தினார்கள். இன்று அங்கே பல 'கேய்' கார்கள் தீப்பெட்டியை நிறுத்திவைத்தது போல இருக்கின்றன. இருந்தாலும் சந்துக்குள் நுழையும். சின்னக் கார் என்ற பெயருக்குத் துரோகம் செய்யவில்லை.

அகலத்தை மறந்தோம்

நாம் இங்கேதான் கோட்டை விட்டோம்.

நம் சட்டம் நீளத்தை அளந்தது. அகலத்தை அளக்கவில்லை. எடையை அளக்கவில்லை. நீளத்தில் வளர முடியாத கார், பக்கவாட்டில் வளர்ந்தது. மேலே வளர்ந்தது. எடை கூடியது.

அம்பாசிடர் காரை நினைத்துப் பாருங்கள். மந்திரிகள் போன கார். கல்யாண ஊர்வலத்தில் போன கார். 2014-ம் ஆண்டு உற்பத்தி நின்றது. அதைப் பெரிய கார் என்றுதான் எல்லோரும் சொன்னோம். அதன் அகலம் 1,660 மில்லி மீட்டர் சுமார். இன்று 'சின்னக் கார்' என்று 18 சதவீத வரியில் விற்கும் நெக்சானின் அகலம் 1,800-ஐத் தாண்டுகிறது. அரை அடி கொஞ்சம் குறைவாக, அம்பாசிடரை விட அகலம்!

அந்தக் காலத்துப் பியட் காரையும் நினைத்துப் பாருங்கள். பிறகு பிரிமியர் பத்மினி என்று பெயர் மாறியதே, அது. நீளம் 4 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. என்ஜின் 1,089 சி.சி. இன்று புதிதாக விற்றால் அது சின்னக் கார். அம்பாசிடர் 4 மீட்டரைத் தாண்டும், 1,489 சி.சி. பெட்ரோல் என்ஜின் வைத்து விற்றால் 40 சதவீதம் வரி. அந்த இரண்டுக்கும் இந்த நாடா சரியாகத்தான் வேலை செய்கிறது. ஏனென்றால் அவை நாடாவைப் பார்த்துச் செய்த கார்கள் அல்ல.

கும்பகோணத்துச் சந்தில் ஒரு கார் நுழைந்தால், எதிரே ஒரு சைக்கிள் வர முடியவில்லை என்றால், அதற்குக் காரணம் காரின் நீளமா? அகலம் அல்லவா? பெட்ரோல் அதிகம் குடிப்பதற்குக் காரணம் 5 மில்லி மீட்டரா? எடை அல்லவா?

சுங்கச்சாவடிக்குப் போங்கள். அங்கே 3,995 மில்லி மீட்டர் காரும் 4,300 மில்லி மீட்டர் காரும் ஒரே கட்டணம்தான் கட்டுகின்றன. அங்கே எல்லாம் 'கார்' என்ற ஒரே வகை. தமிழ்நாட்டில் காருக்கு ஆயுள் வரி கட்டும்போதும் நாடா கிடையாது. விலையைப் பார்க்கிறார்கள். ஒரே கார், மூன்று இடத்தில் மூன்று அளவு.

என்ன செய்யலாம்?

நாடாவைத் தூக்கி எறியச் சொல்கிறோமா? இல்லை. அதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. நீளத்தை யார் வேண்டுமானாலும் அளக்கலாம். பொய் சொல்ல முடியாது. அதிகாரியின் கையைப் பிடிக்க வேண்டியதில்லை. எடை, பெட்ரோல் செலவு என்று போனால் சோதனைச்சாலை வேண்டும், சான்றிதழ் வேண்டும், வழக்கும் வரும். பெரிய பயன்பாட்டுக் கார் எது என்பதற்கு 2017-ல் எழுதிய விளக்கத்தில் சந்தேகம் வந்து, 2023 ஜூலையில் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி மறுபடி விளக்க வேண்டியதாயிற்று. 4 மீட்டருக்கு மேல் நீளம், 1,500 சி.சி.க்கு மேல் என்ஜின், தரைக்கும் காரின் அடிக்கும் நடுவே 170 மில்லி மீட்டர் இடைவெளி என்று! பெயர் எதுவாக இருந்தாலும் சரி என்றும் சேர்த்தார்கள். அளவு கூடக்கூட வாதமும் கூடும்.

நமக்குத் தெரிந்த குறை வேறு. 18-க்கும் 40-க்கும் நடுவே ஒன்றுமே இல்லை. மாடிப்படியில் முதல் படிக்கும் இரண்டாவது படிக்கும் நடுவே 5 அடி உயரம் இருந்தால் எப்படி ஏறுவது? நடுவே படிகள் வைக்க வேண்டும். 4 மீட்டர் வரை 18 என்றால், 4.2 மீட்டர் வரை 25 என்றோ 30 என்றோ இருக்கலாம். அப்போது டிக்கியை வெட்டுகிற அவசியம் குறையும். குடும்பத்துக்கு வேண்டிய அளவில் கார் செய்யலாம். சில கம்பெனிகள் துணிந்து செய்யும்.

பெட்ரோலுக்கு 1,200, டீசலுக்கு 1,500 என்ற வித்தியாசம் 2006-ல் வந்தது. அதன் பிறகு காற்று மாசைப் பற்றி நாம் தெரிந்துகொண்டது எவ்வளவோ! டீசலுக்கு மட்டும் இன்னும் 300 சி.சி. சலுகை எதற்கு? இதற்கு மத்திய சர்க்கார் பதில் சொல்லத்தான் வேண்டும்.

அகலத்தையும் சேர்க்க வேண்டும் என்பது நம் கட்சி. அதையும் நாடாவால்தான் அளக்கப் போகிறோம். சோதனைச்சாலை வேண்டாம்.

வாங்கப் போகிறவர்களுக்கு

சர்க்கார் செய்யும்போது செய்யட்டும். இந்த மாதம் கார் வாங்கப் போகிறவர் என்ன செய்வது?

'சின்னக் கார்' என்று கடையில் சொன்னால், அது வரிக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக் கணக்கு வேறு. வீட்டு வாசல் கதவின் அகலத்தை முதலில் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். காரின் அகலத்தைக் கேட்கும்போது, பக்கக் கண்ணாடிகளைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். பெரும்பாலும் சேர்க்காமல்தான் சொல்வார்கள். கண்ணாடி இரண்டு பக்கமும் நீண்டிருக்கும். வாசல் தூணில் இடிப்பது அதுதான். டிக்கியைத் திறந்து, உங்கள் வீட்டுப் பெட்டியையே வைத்துப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம்.

பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2023-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி முதல் 'பாரத் என்.சி.ஏ.பி.' என்ற மோதல் சோதனை நம் நாட்டிலேயே நடக்கிறது. காரை மணிக்கு 64 கிலோ மீட்டர் வேகத்தில் ஒரு தடுப்பின் மீது மோதவிட்டுப் பார்த்து, நட்சத்திரம் கொடுக்கிறார்கள். அதிகம் 5 நட்சத்திரம். சின்னக் காரும் 5 நட்சத்திரம் வாங்கலாம். பெரிய காரும் கோட்டை விடலாம். ஆகவே நீளத்தைப் பார்த்துப் பத்திரத்தை முடிவு செய்யாதீர்கள். ஆனால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். முன்பக்க மோதல் சோதனை, ஏறக்குறைய அதே எடையுள்ள இன்னொரு காரோடு மோதுவதற்குச் சமம். 900 கிலோ காரின் 5 நட்சத்திரமும் 1,600 கிலோ காரின் 5 நட்சத்திரமும் ஒன்றல்ல. ஒரே எடை உள்ள கார்களுக்குள் நட்சத்திரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்தச் சோதனைக்கு அனுப்பும்படி கார்க் கம்பெனிகளுக்குக் கட்டாயம் இல்லை. விருப்பம் இருந்தால் அனுப்பலாம். எனவே, "இந்தக் காருக்கு எத்தனை நட்சத்திரம்?" என்று கேட்பதற்கு முன்னால், "இந்தக் காரைச் சோதனைக்கு அனுப்பினார்களா?" என்று கேளுங்கள்.

இனி நம் குடும்பத்துக்கு வருவோம். கடையில் அப்பா விலைப் பட்டியலைப் பார்க்கிறார். மகன் என்ஜினைப் பார்க்கிறான். அம்மா டிக்கியைத் திறந்து பார்க்கிறார். பாட்டி யாரையும் கேட்காமல், முதல் காரின் பின் கதவைத் திறந்து உட்கார்ந்து பார்க்கிறார். இருக்கை தாழ்வு. எழுந்திருக்க முடியவில்லை. பேரன் கை கொடுக்கிறான். அடுத்த காரில் உட்காருகிறார். கால் தரையில் பதிகிறது. யார் கையையும் பிடிக்காமல் எழுந்து நிற்கிறார்.

"இது எத்தனை சதவீதம், தம்பி?" என்கிறார்.